மணம் போன டீ மேக்கர்: மலைப்பாதை விபத்தில் ஒரு தலைக்காயமும் அதன் இழப்பீட்டு வழக்கும்

பின்னணி

கோத்தகிரிப் பகுதியில் சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலை. இந்த வழக்கின் மனுதாரர் அங்கே 14 ஆண்டுகளாக வேலை பார்த்தவர், கடைசி ஆறு ஆண்டுகள் டீ மேக்கர். வயது 38. மாதச் சம்பளம் 22,000 ரூபாய், வங்கிக் கணக்கில் வரும், பி.எஃப். பிடித்தமும் உண்டு. மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள்.

டீ மேக்கர் வேலை என்னவென்று தெரிந்தால்தான் இந்த வழக்கு புரியும். வாட்டிய கொழுந்தை சி.டி.சி. இயந்திரத்தில் வெட்டியபின், அந்த ஈரத்தூளைப் பரப்பிப் புளிக்க விடுவார்கள். பச்சை நிறம் செம்பு நிறத்துக்கு மாறும். பச்சிலை வாடை அடங்கிப் பழ வாசனை ஏறும். அது உச்சிக்கு வரும் நேரத்தில் டிரையருக்குள் தள்ள வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் சாயம் மங்கும், ருசி சப்பென்று போகும். இதைக் கடிகாரம் பார்த்துச் செய்ய முடியாது, ஏனென்றால் மூடுபனி நாளில் மெதுவாகவும் வெயில் நாளில் வேகமாகவும் ஏறும். டீ மேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். டிரையரில் தூள் கருகத் தொடங்கினாலும் முதலில் தெரிவது மூக்குக்குத்தான். அந்த மூக்குக்குத்தான் சம்பளம்.

வளைவில் நடந்தது

மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலை, குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவு. மாலை நேரம், தூறல், மூடுபனி. இவர் பைக்கில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். மேலிருந்து காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிய ஒரு பிக்கப் வேன் வளைவை அறுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்தது. பைக்கின் வலது கைப்பிடியும் வலது கால்மிதியும் வேனில் உரசின. இவர் பின்புறமாக விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டை மாட்டவில்லை. தலை தரையில் படுவதற்கு முன்பே அது உருண்டுபோய்விட்டது.

மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் அது இருக்கிறது. தவறு யார்மேல் என்பது அந்த இடத்திலேயே தெரிந்த விஷயம். ஆனால் தூறலில் டயர் தடம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. யாரும் போட்டோ எடுக்கவில்லை.

வேன் டிரைவர் ஓடிப்போகவில்லை. 108-ஐ அழைத்தவரும் அவரே, ஆம்புலன்ஸில் கூடவே ஏறி வந்தவரும் அவரே. மனிதத்தன்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் “எப்படி அடிபட்டது?” என்று கேட்டபோது அவர் சொன்னது: “வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க.” பணியில் இருந்த மருத்துவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதினார். ‘ஏ.ஆர். காப்பி’ என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒற்றைத் தாள்தான் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் முதல் ஆயுதமானது.

முதல் ஒன்பது நாள்

முதலுதவிக்குப் பின் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனார்கள். சேர்க்கும்போது, நினைவு நிலையை அளக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண் 15-க்கு 13. அளவுகோலின்படி 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. ‘லேசான’ என்ற இந்தச் சொல் உயிராபத்தைப் பற்றியது, பிழைப்பைப் பற்றியதல்ல. வழக்கு முழுவதும் இந்தக் குழப்பம் தொடர்ந்தது.

சி.டி. ஸ்கேனில் பின்மண்டையில் மயிரிழைக் கீறல். மூளையில் கன்றல் இருந்ததோ முன்பக்கம், நெற்றிக்கும் கண்குழிக்கும் மேலே, இரண்டு பக்கமும். அடி பின்னால், காயம் முன்னால். மண்டை திடீரென்று நின்றாலும் உள்ளே மூளை நகர்ந்து எதிர்ப்பக்க எலும்பில் மோதுவதால் இப்படி ஆகும். மூக்கின் மேற்கூரையில் சல்லடைபோல் ஓர் எலும்பு உண்டு. மணம் அறியும் நரம்பின் மெல்லிய இழைகள் அதன் துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. மூளை நகரும்போது அவை அறுந்துவிடக்கூடும். பின்மண்டையில் அடிபட்டவர்களிடம் மணம் போவது அதிகம் காணப்படுவது இதனால்தான்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. வலிப்பு வராமலிருக்க ஏழு நாள் மருந்து, தொடர் கண்காணிப்பு, மறு ஸ்கேன். முதல் 48 மணி நேரச் செலவு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் போனது. மீதி கைக்காசு. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்த வரி: ‘மண்டை நரம்புகள் இரண்டு முதல் பன்னிரண்டு வரை இயல்பு. நரம்பியல் குறைபாடு இல்லை.’

மண்டை நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. முதலாவதுதான் மணத்துக்கான நரம்பு. குறிப்பு இரண்டிலிருந்து தொடங்குகிறது, அதாவது முதலாவதைச் சோதிக்கவே இல்லை. தலைக்காய வார்டுகளில் இது அன்றாடம் நடப்பது, யாரையும் குறிவைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் இந்த ஒரு வரியைச் சரியாகப் படித்ததில்தான் வழக்கே திரும்பியது.

வீட்டில் தெரிந்தது

மூன்றாவது வாரம். அடுப்பில் பால் வைத்துவிட்டு மனைவி வெளியே துணி எடுக்கப் போனார். இவர் அடுப்பிலிருந்து நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பால் பொங்கி, வற்றி, அடிபிடித்துக் கருகி, வாசல் வரை வாடை வந்த பிறகு மனைவி ஓடி வந்து, “ஏங்க, கருகுதே, தெரியலையா?” என்றபோதுதான் திரும்பிப் பார்த்தார். புகை கண்ணில் பட்டிருந்தது, வாடை மட்டும் எட்டவில்லை.

அதற்கு முன்பே வேறு அறிகுறிகள் இருந்தன. சாப்பாட்டில் உப்பு, புளி, காரம் தெரிந்தது. குழம்புக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாக்கு நன்றாக இருந்தும் மணம் இல்லாததால் ருசி தட்டையாகிவிட்டது. குழந்தைகள் சத்தம் போட்டால் தாங்க முடியாத கோபம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு மறப்பது. கடைக்குப் போனால் மூன்று சாமானில் ஒன்றோடு திரும்புவது. முன்மூளைக் கன்றலின் வழக்கமான விளைவுகள் இவை. ஆனால் உறவினர்கள் கண்ணுக்கு ஆள் நடக்கிறார், பேசுகிறார், தையல் பிரித்தாயிற்று. “அதான் நல்லாயிட்டாரே” என்றார்கள்.

முப்பதாம் நாள் வாக்கில் உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் மணம் தெரியவில்லை என்று சொன்னார்கள். நீலகிரியில் எந்தக் கிளினிக்கிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நீலகிரித் தைலம். அதை மூக்கில் காட்டி, “தெரியுதா?” என்றார். “தெரியுதுங்க.” சீட்டில் ‘மண உணர்வு உண்டு’ என்று எழுதிவிட்டார். நீலகிரித் தைலம், கற்பூரம், அம்மோனியா போன்ற காரமான பொருள்கள் மணத்தின் நரம்பை மட்டுமல்லாமல் முகத்தின் தொடு நரம்பையும் தூண்டும். மணமே அறியாதவருக்கும் அந்தச் சுள்ளென்ற உறைப்பு தெரியும். இதற்குக் காப்பித் தூள், மல்லிகை எண்ணெய், எலுமிச்சைத் தோல் போன்றவற்றைத்தான் கையாள வேண்டும்.

ஏழாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். பத்து நாளில் இரண்டு பேட்ச் அதிகம் புளித்துப் போயின. ஒருமுறை டிரையர் வெப்பம் ஏறியதைக் கவனிக்கவில்லை. குன்னூர் ஏலத்துக்குப் போன மாதிரிகளுக்குத் தரகர் எழுதிய ருசிக் குறிப்பில் ‘மங்கல்’, ‘அதிக வெப்பம்’ என்று வந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. கொழுந்து இறக்கும் கொட்டகையில் காவல் வேலைக்கு மாற்றினார், சம்பளம் 12,000.

வழக்கறிஞரைத் தேடியது

உண்மையில் வழக்கறிஞர்தான் இவர்களைத் தேடி வந்தார், அதாவது அவருடைய ஆள் வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்தாம் நாளே ஒருவர் மனைவியிடம் வந்து வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். “செலவு ஒண்ணும் வேண்டாம், வர்றதுல மூணுல ஒரு பங்கு.” மனைவியின் அண்ணன் கூட இருந்ததால் தடுத்தார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்பதும், ஆள்வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் இந்திய வழக்கறிஞர் கழக விதிகளில் தடை செய்யப்பட்டவை. நடைமுறையில் நடக்கிறது என்பது வேறு.

காவல் நிலையத்தில் மனைவி புகார் கொடுத்தது நான்காம் நாள். முதல் தகவல் அறிக்கை இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 பிரிவுகளில் (அபாயமாக ஓட்டுதல், காயம் விளைவித்தல்) பதிவாகி, காயச் சான்று வந்தபின் கொடுங்காயத்துக்கான 338-க்கு மாறியது. (2024 ஜூலை 1-க்குப் பிந்தைய விபத்துகளுக்கு இவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள்.) நான்கு நாள் தாமதம் பெரிய சிக்கலாகவில்லை. அடிபட்டவரைக் காப்பாற்றுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன.

பிறகு வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போனார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இவர் தொழிற்சாலைத் தொழிலாளர் என்ற வகையில் தகுதி பெற்றார். தேசிய உதவி எண் 15100. போகும்போது கையில் இருக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் குறிப்பு, மூல மருத்துவ ரசீதுகள், ஆதார், சம்பளம் வரவான வங்கிப் புத்தகம், எதிர்வண்டியின் பதிவெண். எண் இருந்தால் அந்த வண்டியின் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்திலேயே பார்க்கலாம். இந்த வேனுக்கு இருந்தது.

இரண்டரை லட்சம்

மூன்றாம் மாதம் காப்பீட்டு நிறுவனத் தரப்பில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் யார் தவறு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் தொகை: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். “ஒரே மாசத்துல கைக்கு வந்துரும்” என்றார். இவர் அப்போதே பேனாவை எடுத்துவிட்டார். முன்மூளைக் காயம் பட்டவர்களிடம் இந்த அவசரம் நோயின் ஒரு பகுதி. கைக்கு வரும் காசு தெரியும், இருபது ஆண்டு வருமானம் மனக்கண்ணுக்கு வராது.

வழக்கறிஞர் தடுத்ததற்குக் காரணம், எதிர்வண்டியின் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்க வழிசெய்யும் 166-ஆம் பிரிவில் இருக்கும் ஒரு வரம்பு நிபந்தனை. 149-ஆம் பிரிவின் முறைப்படி 164-இன் தொகையை ஏற்றுக்கொண்டால், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகும். கடன் நெருக்கடியில் இருக்கும் குடும்பம், எதிர்வண்டியின் தவறை நிரூபிக்க வழியே இல்லாத வழக்கு என்றால் அந்த 2.5 லட்சம் நல்ல வழிதான். இங்கே அப்படியில்லை.

மனுவை யார் பெயரில் போடுவது என்ற கேள்வியும் வந்தது. புத்தி பாதிக்கப்பட்டுத் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாதவர் சார்பில் நெருங்கியவர் மனு போடலாம். அப்படிப் போட்டால் நீதிமன்ற அனுமதியின்றி யாரும் சமரசக் கையெழுத்து வாங்க முடியாது, அது பெரிய பாதுகாப்பு. ஆனால் இவர் வரவு செலவைப் புரிந்துகொள்கிறார், கேள்விக்குப் பதில் சொல்கிறார். ‘புத்தி சரியில்லாதவர்’ என்ற முத்திரை ஊரில் என்ன செய்யும் என்பதையும் குடும்பம் யோசித்தது. அவர் பெயரிலேயே மனு, மனைவி இரண்டாம் சாட்சி என்று முடிவானது.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். காவல்துறை 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தாக்கல் செய்தால் அதையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. இந்த வழக்கில் அந்த அறிக்கை 90-ஆம் நாளிலும் வரவில்லை. காத்திராமல் 152-ஆம் நாள் மனு தாக்கலானது.

சாட்சியங்களைத் திரட்டியது

நான்கு ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது.

முதல் ஓட்டை, ‘சறுக்கி விழுந்தார்’ என்ற ஏ.ஆர். பதிவு. இதை அழிக்க முடியாது, திருத்தக் கேட்பதும் தவறு. வழக்கறிஞர் அதே தாளின் இன்னொரு கட்டத்தைக் காட்டினார்: ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் வேன் டிரைவரின் பெயரும் கையெழுத்தும். தானாக விழுந்தவரை அந்த வளைவில் அந்த வேனின் டிரைவர் ஏன் கொண்டுவந்தார்? மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பைக்கின் வலது கைப்பிடியில் வேனின் நிறப் பூச்சு ஒட்டியிருந்தது பதிவாகியிருந்தது. டிரைவர் குற்றவியல் வழக்கில் அபராதம் கட்டியிருந்தார். மூன்றும் சேர்ந்ததும் அந்தப் பதிவு வலுவிழந்தது.

இரண்டாவது, மணம். எண்பதாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மூக்குத்துளையாகக் காப்பித் தூள், கிராம்பு, பெருங்காயம், மல்லிகை எண்ணெய் காட்டினார். எதுவும் தெரியவில்லை. அம்மோனியாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தைலத்துக்கு, “சுள்ளுனு இருக்கு, வாசம் வரல” என்றார். குழாய்க் கருவியால் மூக்கின் உள்ளே பார்த்ததில் அடைப்பு எதுவுமில்லை. எம்.ஆர்.ஐ.யில் முன்மூளையின் அடிப்பகுதியில் தழும்பு.

மூன்றாவது, நினைவும் கவனமும். நாலாம் மாதமும் ஓராண்டு முடிந்தபோதும் உளவியலாளர் நரம்பியல் உளச் சோதனை செய்தார். ஒரே சோதனையை இருமுறை செய்ததால் ‘இது இன்னும் ஆறும்’ என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

நான்காவது, சம்பளம். தொழிற்சாலையின் சம்பளச் சான்றை மட்டும் தாக்கல் செய்தால் மதிப்பில்லை, எழுதியவர் கூண்டேறிச் சொல்ல வேண்டும். முதலாளி வந்தார். பேட்ச் பதிவேட்டையும் தரகரின் ருசிக் குறிப்புகளையும் கொண்டுவந்தார். ஒரு மனிதனின் மூளைக்காயத்துக்குத் தேயிலைத் தூள் சாட்சி சொன்ன வழக்குகள் அதிகம் இருக்காது.

விசாரணை

மருத்துவக் குழு ஓராண்டுக்குப் பின் 20 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. முழுக்க நினைவு, நடத்தைக் குறைபாட்டுக்கானது அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளில் மணம் அறியாமை இல்லை. அட்டவணையில் இல்லாத இழப்புக்குச் சதவீதம் எங்கிருந்து வரும்?

காப்பீட்டுத் தரப்பு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. மக்கள் நீதிமன்ற அமர்வில் 6.5 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளக் கேட்டார்கள். மனுதாரர் தரப்பு மறுத்தது. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிதான் காரணம்: உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு, அந்த மனிதர் செய்த வேலையை வைத்துத்தான் இரண்டாவதை அளக்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் தைலச் சீட்டு வெளியே வந்தது. “நீலகிரித் தைலம் தெரியும்னு சொன்னீங்களா இல்லையா?” “சொன்னேன். இப்பவும் தெரியும்.” எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அத்தோடு நிறுத்தினார். பின்னர் மருத்துவர் சாட்சியத்தில் அந்தப் பதிலே மனுதாரருக்குச் சாதகமானது. நடிப்பவர் அம்மோனியாவைக்கூடத் தெரியவில்லை என்பார், உண்மையில் மணம் இழந்தவரே உறைப்பை ஒப்புக்கொள்வார்.

அதே விசாரணையில் தேதிகளைப் பற்றி மூன்றாம் முறை கேட்டபோது இவர் பொறுமையிழந்து கத்திவிட்டார். குடும்பம் பதறியது. நீதிபதி சாட்சியின் நடத்தையைக் குறிப்பில் எழுதிக்கொண்டு ஐந்து நிமிடம் ஒத்திவைத்தார்.

தீர்ப்பு

தீர்ப்பாயம் சம்பாதிக்கும் திறன் இழப்பை 50 சதவீதமாக எடுத்தது. 22,000-லிருந்து 12,000-க்கு இறங்கியது 45 சதவீதம்தான். அந்தக் காவல் வேலையும் முதலாளியின் தயவில் இருப்பது என்பதால் சற்றுக் கூட்டியது. கணக்கு: 22,000 உடன் வருங்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 30,800. ஆண்டுக்கு 3,69,600. வயதை வைத்து ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதுதான் பெருக்கெண். 36 முதல் 40 வயதுக்கு அது 15, ஆக 55,44,000. அதில் பாதி 27,72,000. காயமடைந்தவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவுக்கென்று கழிவு கிடையாது. மருத்துவச் செலவு 1,84,000, சிகிச்சைக் கால வருமான இழப்பு 1,32,000, போக்குவரத்து, உணவு, உதவியாள் 60,000, வலி வேதனைக்கு ஒரு லட்சம், வாழ்க்கை வசதி இழப்புக்கு ஒரு லட்சம். மொத்தம் 33,48,000.

ஹெல்மெட் பட்டை மாட்டாததற்கு 10 சதவீதம் கழிந்தது. 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைப் பட்டையால் இறுகக் கட்டச் சொல்கிறது. விபத்துக்கு அது காரணமில்லை என்று வாதிட்டதை நீதிபதி ஏற்றாலும், காயத்தின் அளவுக்கு அது காரணம் என்றார். ஒரு கொக்கியின் விலை 3,34,800 ரூபாய். வழங்கிய தொகை 30,13,200, மனு நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. 20 சதவீதத்தோடு நின்றிருந்தால் வருமான இழப்பு 11,08,800 மட்டுமே வந்திருக்கும்.

தொகையில் 30 சதவீதம் கையில், மீதி வங்கியில் நிரந்தர வைப்பு, வட்டி மட்டும் எடுக்கலாம் என்று உத்தரவு. மனைவி தரப்பில் இதைக் கேட்டு வாங்கினார்கள். காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஏ.ஆர். பதிவு நடக்கும்போது குடும்பத்தார் யாராவது போய்ச் சேரும்வரை, எப்படி அடிபட்டது என்பதை எதிர்வண்டிக்காரர் வாயால் சொல்ல விடக்கூடாது. ஆம்புலன்ஸில் ஏறுமுன் இடத்தில் இருக்கும் யாரையாவது கேட்டு நான்கு போட்டோ: இரண்டு வண்டிகளும் நின்ற நிலை, நடுக்கோடு, பதிவெண், உரசிய இடம்.

வார்டிலிருந்து கிளம்புமுன் ஒரு பாக்கெட் காப்பித் தூளைக் கொண்டு மணத்தைச் சோதித்து, முடிவைக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கலாம். முதல் மாதத்திலேயே ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் நான்கையும் தினம் இருவேளை முகரும் பயிற்சியைத் தொடங்கியிருக்கலாம். இவர் தொடங்கியது ஐந்தாம் மாதம். மணம் திரும்பினால் பெரும்பாலும் முதல் ஓராண்டில்தான் திரும்பும்.

மனைவி ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது வழக்கறிஞர் சொன்ன பிறகு, அதாவது மூன்றாம் மாதம். பால் கருகிய தேதியே அவருக்குச் சரியாக நினைவில்லை, குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பள்ளி நோட்டு போதும்: தேதி, நடந்தது, கூட இருந்தவர்.

கேஸ் கசிவை அறியும் மின்கருவி இந்த வீட்டில் மாட்டப்பட்டது தீர்ப்புக்குப் பிறகு. அதுவரை இரவில் ரெகுலேட்டரை மூடுவது பெரிய பிள்ளையின் பொறுப்பாக இருந்தது. மீதமான குழம்புப் பாத்திரத்தில் இப்போது தேதி ஒட்டி வைக்கிறார்கள், ஊசிப்போனது அவருக்குத் தெரியாது என்பதால்.